தலை தெரிந்த பிறகு

எனக்குச் சந்தேகப் புத்தி. நான் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஊர் ஒப்புக்கொண்ட விஷயம் இது. பால்காரரின் முகத்துக்கு நேராகவே பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் வலிய வந்து பேசினால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். "ஒன்னைய போலீசுல சேத்துவிட்டிருந்தா இந்தப் பக்கம் ஒரு பய திருடியிருக்க மாட்டான்" என்பார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், அந்தச் சிரிப்பிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பிறவியிலேயே நான் இப்படி இல்லை. அறுபதுகளின் நடுவில், தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஒருத்தி என் கால் இரண்டையும் கோர்த்து அழுத்திப் பிடித்திருந்த காலை நேரத்தில்தான் இந்தப் புத்தி எனக்கு வந்தது.

ஆஸ்பத்திரியின் பேரையும் டாக்டரின் பேரையும் எழுத மாட்டேன். இருபது வருஷம் வாய் ஓயாமல் சபித்த பேர் அது. இன்னும் எதற்கு?

முதலில் என் நட்சத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆயில்யம். ஆயில்யத்தில் பெண் பிறந்தால் அவள் வாழப்போகும் வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். என் அப்பா அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு ஏழு வருஷம் அலைந்தார். அம்மா நான் வயசுக்கு வந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் அவருக்குத் துணைக்கு யாரும் இல்லை. தேனி பஜாரில் பயறு, பருப்பு மண்டி வைத்திருந்தார். காலையில் மண்டியைப் பார்த்துவிட்டு மத்தியானம் என் ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம் என்று பஸ் போகிற ஊருக்கெல்லாம் போனார். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும். கேட்கவே மாட்டேன், சாப்பாட்டை எடுத்து வைப்பேன்.

கடைசியில் சின்னமனூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அமைந்தது. அந்த வீட்டில் மாமியார் உயிரோடு இல்லை. மற்ற பொருத்தம் எத்தனை இருந்ததோ எனக்குத் தெரியாது, அந்த ஒரு பொருத்தம் போதும் என்று அப்பா முடித்துவிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. என்னோடு படித்தவர்கள் மூன்றாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். தாய் இல்லாத வீடு என்றாலும் முறை முறைதானே. வளைகாப்பு முடிந்ததும் அப்பா என்னைப் பழனிசெட்டிபட்டிக்குக் கூட்டி வந்தார். அந்தக் காலத்தில் பாதிப் பேர் வீட்டிலேயே பெற்றார்கள். எங்கள் தெருவிலும் கைராசிக்காரி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். அப்பா கேட்கவில்லை. "தாயில்லாப் பிள்ளைய வீட்ல வச்சுப் பாக்க எனக்கு நெஞ்சுல தைரியம் இல்ல" என்று சொல்லி, தேனியில் ஒரு லேடி டாக்டர் நடத்திய ஆஸ்பத்திரியில் என் பெயரைப் பதிந்து வைத்தார். ஆஸ்பத்திரி புதுசு. தரை பளபளவென்று இருக்கும், மருந்து வாசனை தெருவுக்கே வரும். அங்கே பெற்றுக்கொண்டேன் என்று சொல்வது ஒரு கௌரவம்.

விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. குதிரை வண்டியில் கூட்டிப் போனார். என்னை உள்ளே படுக்க வைத்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் பஞ்சாங்கம், கையில் கடிகாரம். பிறக்கிற நேரத்தைக் குறித்தால்தானே ஜாதகம் எழுத முடியும். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எந்தப் பெண்ணின் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், பெறாதவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. வெயில் ஜன்னல் கம்பிக்கு மேலே ஏறியிருந்த நேரத்தில் ஆயா குனிந்து பார்த்து, "தலை தெரியுது சிஸ்டர்" என்றாள். எனக்கே தெரிந்தது. உடம்பு என்னைக் கேட்காமலேயே முக்கியது. அப்போது சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். வெளியே ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு. ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பி வந்தவள் என் வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டாள். இரண்டு முழங்காலையும் சேர்த்து, தன் உடம்பின் முழு பாரத்தையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"முக்கக் கூடாது. வாயத் தெறந்து மூச்சு விடு. டாக்டரம்மா வரணும்."

"என்னங்க சிஸ்டர் இது, பிள்ள வந்துருச்சுல்ல..." என்று ஆயா ஆரம்பித்தாள்.

"நீ வாயப் பொத்திக்கிட்டு வெந்நிய எடு."

வருகிற பிள்ளையை வராதே என்று மறிக்கிறார்கள். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! நான் கத்தினேன், அவள் கையைக் கடிக்கப் பார்த்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன். என் வாயில் அப்படி வார்த்தைகள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த அறையில் கடிகாரம் இல்லை. வெளியிலிருந்து கதவை யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள். உடனே சிஸ்டர் பிடியை விட்டாள், கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். கிட்டே குனிந்தபோது அவரிடமிருந்து காப்பி வாசனை வந்தது. அந்த வாசனையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். கேட்டவரின் முகம் மாறியது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று சிஸ்டரைப் பார்த்து ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒரே ஓட்டம். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தலை வந்து தோள் வரவில்லை என்று என்னவோ பேசிக்கொண்டார்கள். இழுத்தார்கள், அது மட்டும் தெரியும், மாட்டுக்குக் கன்று எடுக்கிறபோது இழுப்பார்களே, அப்படி. பிள்ளை அழவில்லை. முதுகில் தட்டினார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். ரொம்ப நேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வந்தது.

"பொம்பளப் பிள்ள" என்றாள் ஆயா.

ஐயோ, பெண்ணா, என்ன நட்சத்திரமோ என்று அந்த நிலையிலும் நினைத்தேன். அப்போது கதவுக்கு வெளியே அப்பாவின் குரல், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி: "மகம்! ஆத்தா, மகம் பொறந்துருச்சு!" ஆயில்யம் முடிந்ததும் அடுத்த நட்சத்திரம் மகம். யாருக்கும் கெடுதல் இல்லாத, ஊரே ஆசைப்படும் நட்சத்திரம். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஆயா பிள்ளையைக் குளிப்பாட்டினாள். இடது கை காற்றில் குத்துவிட்டது. வலது கை அசையவில்லை. தோளிலிருந்து தொங்கியது, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருந்தது. பின்னால் நிற்கிறவரிடம் யாருக்கும் தெரியாமல் எதையோ வாங்கப் போகிற மாதிரி இருந்தது அந்தப் பிஞ்சுக் கை. நான் எடுத்து நேராக வைத்தேன். விட்டதும் திரும்பிக்கொண்டது.

டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "வயித்துக்குள்ள படுத்த வாகு அப்படிம்மா. இது பிறவி. எண்ணெய் போட்டு நீவுங்க, சரியாப் போகும்" என்றார்.

"சிஸ்டர் எதுக்கு என் காலை அமுக்கிப் பிடிச்சாக?"

"எந்த சிஸ்டர்? இங்கன அப்படியெல்லாம் செய்றதில்ல. வலியில என்னென்னமோ தோணும்."

அந்த சிஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நேற்று இருந்தவள் இன்று எப்படி லீவு? ஆயாவைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வெந்நி எடுக்கப் போயிட்டேன் தாயி, ஒண்ணும் பாக்கல" என்றாள். மூன்று பேர் இருந்த அறையில் நடந்தது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்குப் பிடித்த சந்தேகம் எனக்கு.

முப்பது நாள் கழித்துச் சின்னமனூருக்குப் போனேன். என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கியவள் துணியை விலக்கிக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கிரகணத்தப்ப வெளிய கிளிய போனியா?"

"போகல மதினி."

"காய் கீய் நறுக்குனியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நறுக்கல மதினி."

"அப்புறம் எப்படிக் கை முடங்கும்? வயித்துல வச்சிருந்தவளுக்குத்தான தெரியும்."

இந்தப் பேச்சு அன்றோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். நிற்கவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, பொங்கல் என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தக் கை என் வயிற்றின் கணக்கில் எழுதப்பட்டது. பிள்ளை வளர்ந்து அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு நிற்கிற வயசு வந்த பிறகும் யாரும் வாயை அடக்கவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், அவ்வளவுதான். "விடு, அவுக பேச்சு அப்படித்தான்" என்பார். எதை விடுவது?

குமுளியில் ஒரு வைத்தியர் நன்றாக நீவுவார் என்று கேள்விப்பட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். அப்பாவும் கூட வந்தார். ஒவ்வொரு மாசமும் வந்தார். மண்டியை ஆள்விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையை மட்டும் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே வருவார். வைத்தியர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். தோளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இது பிறவியல்லா. வலிச்சு எடுத்ததாக்கும்" என்றார். இழுத்து எடுத்தது என்று அர்த்தம். நான் சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினேன், கேட்டீர்களா என்று. அவர் எழுந்து வெளியே போய் நின்றார்.

பிறகு போடி ரயிலில் மதுரைக்குப் போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். அவரும் அதையேதான் சொன்னார். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு, தோள் மாட்டிக்கொண்ட நேரத்தில் தலையைப் பிடித்து இழுத்ததால் அறுந்திருக்கிறது, விரல் அசையும், கை மேலே தூக்க வராது. "இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அதெல்லாம் கேக்காதீங்கம்மா. நானும் டாக்டர்தான்."

பார்த்தீர்களா, எல்லாரும் ஒரே கூட்டம்! அன்றைக்கு ரயிலில் வரும்போது முடிவு செய்தேன், அந்த டாக்டர் பொம்பளையைச் சும்மா விடக் கூடாது என்று. எங்கள் சொந்தத்தில் ஒருவர் உத்தமபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். மனு எழுதலாம், ஆனால் சாட்சி வேண்டும் என்றார். உள்ளே இருந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்பா ஒருவர்தான். எத்தனை மணிக்கு சிஸ்டர் வெளியே வந்தாள், எத்தனை மணிக்குப் பிள்ளை பிறந்தது, டாக்டர் எங்கே இருந்தார், இதெல்லாம் அவருக்குத் தெரியும். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே.

அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

என் அப்பா சண்டைக்குப் பயந்தவர் இல்லை. தபால்காரர் கடிதத்தை மடித்துப் போட்டதற்காகத் தபால் ஆபீஸுக்கே போய்ச் சத்தம் போட்டவர். எடை ஒரு இம்மி குறைந்தால் மூட்டையை வண்டியோடு திருப்பி அனுப்புகிறவர். அவர் மண்டியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "கோர்ட்டு கேசுன்னு போனா பிள்ள பேருதான் கெடும் ஆத்தா. வேண்டாம்" என்றார். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். எனக்குப் பொறி தட்டியது. டாக்டர் வீட்டுக்கும் எங்கள் மண்டிக்கும் ஏதோ இருக்கிறது. வாடிக்கை போய்விடும் என்று பயப்படுகிறாரா, இல்லை வேறு ஏதாவதா?

சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் அப்பாவின் மண்டியில் போய் உட்கார்ந்தேன், டாக்டர் வீட்டு ஆள் துவரம்பருப்பு வாங்க வருகிறானா என்று பார்ப்பதற்கு. வரவில்லை. விசாரித்தால் அவர்கள் எதிர்ச் சாரியில் வேறு கடையில் வாங்குகிறார்களாம். அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசி நாள் திரும்புகிற வழியில் ஆத்திரம் தாங்காமல் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை வாரினேன். நாசமாகப் போக என்று தூற்றுவதற்குக் கையை ஓங்கியபோது பின்னாலேயே வந்த அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தூத்தாத ஆத்தா" என்றார். கையை உதறிவிட்டுத் தூற்றினேன். மண் எல்லாம் காற்றில் எங்கள் இரண்டு பேர் மேலும்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் பெறவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், மாமனார் கேட்டார், நாத்தனார் கேட்காத நாள் இல்லை. எப்படிப் பெறுவேன்? கோளாறு என் வயிற்றில் இருந்தால் அடுத்ததும் முடங்கிப் பிறக்கும். கோளாறு அவர்கள் கையில் இருந்தால் மறுபடியும் அதே மாதிரிக் கைகளில்தான் போய்ப் படுக்க வேண்டும். குமுளி வைத்தியரும் மதுரை டாக்டரும் சொல்லியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, தீராமல் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. எது என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆளும் முன்வரவில்லை.

மகள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கினாள். கோயிலில் விபூதிக்கு இடது கையை நீட்டினால் பூசாரி தட்டில் வைத்துவிட்டுப் போவார். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறபோது இடது கையால் செம்பைப் பிடித்து, அதற்கு மரியாதையாக வலது கையின் விரலை அடியில் ஒட்டவைத்துக் கொடுக்க அவளாகவே பழகிக்கொண்டாள். கெட்டிக்காரி. ஆசிரியப் பயிற்சி முடித்தாள். இடது கையால் கரும்பலகையில் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும். அவளுடைய ஜாதகத்தையும் எழுதி வைத்திருந்தார் அப்பா. மகம் நட்சத்திரம், எந்தக் கட்டத்திலும் குறை இல்லை. அதைக் காட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்பார்.

எண்பதுகளின் நடுவில் கெங்குவார்பட்டியிலிருந்து அப்படி ஒரு இடம் வந்தது. பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் சின்னமனூர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் அப்பாவும் பழனிசெட்டிபட்டியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். மகள் கேசரித் தட்டைக் கொண்டுவந்து தன் வழக்கப்படி இடது கையால் நீட்டினாள். பையனின் அம்மா தட்டை வாங்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கையி... பிறவியா?"

"இல்லைங்க. பொறக்கும்போது ஆஸ்பத்திரியில இழுத்துட்டாக."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக" என்றாள் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, பையை மடிக்கு மாற்றிக்கொள்கிற ஜாதி அவளும். "ஜாதகம் பிரமாதமா இருக்கு, நாங்க இல்லைன்னு சொல்லல. பிறவின்னா நாளைக்குப் பேரன் பேத்திக்கும் வரும்ல? இழுத்துட்டாகன்னா எழுத்து ஏதும் இருக்கா, ஆஸ்பத்திரிச் சீட்டு கீட்டு?"

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. இருபது வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவளும் கேட்டாள். எழுத்து இல்லை.

அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார், "பிறவி இல்ல. நான் சாட்சி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அன்னைக்கு ஆயில்யம் பத்தரை மணி வரைக்கும் இருந்துச்சு. தலை தெரியுதுன்னு நர்ஸம்மா வந்து சொல்றப்ப பத்துகூட ஆகல. இன்னும் அரை மணி நேரம் தாக்காட்டுங்கம்மா, நட்சத்திரம் மாறிரட்டும்னு நான்தான் கேட்டேன். டாக்டரம்மா அங்கன ரூம்புலதான் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாக. சிரிச்சாக. இங்கன வாரவுக எல்லாரும் கேக்குறதுதான்யா, பாத்துக்கலாம்னாக. நர்ஸம்மாவப் போகச் சொன்னாக. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பத்தரை ஆனதும் நான்தான் போயிக் கதவத் தட்டுனேன். பிள்ளைக்கு மூச்சு முட்டிப்போச்சுன்னு அப்புறம்தான் அவசர அவசரமா இழுத்தாக. அதுலதான் கை போச்சு. பிள்ள நல்ல பிள்ளதான். பிறவி இல்ல."

சொல்லி முடித்துவிட்டுப் பையனின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பேத்தியை மீட்டுவிட்டோம் என்று நம்பிய முகம் அது. அந்த அம்மா மெதுவாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அப்ப உள்ளபடிக்கு இது ஆயில்யத்துப் பொண்ணு."

"இல்லம்மா, பொறந்தது மகத்துல..."

"அமுக்கிப் பிடிச்சு வச்சுப் பெத்தா நட்சத்திரம் மாறிருமாக்கும்? தலை தெரிஞ்சது ஆயில்யத்துலதான?" அவள் எழுந்துவிட்டாள். "கையாவது பரவாயில்லைன்னு நெனச்சேன். நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்யா." கேசரி அப்படியே இருந்தது. பையன் மட்டும் வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், பிறகு அவனும் போய்விட்டான்.

நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். என்ன கத்தினேன் என்று வரிசையாக நினைவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, உங்களை விட்டுவிட்டேனே என்றேன். குமுளிக்கு மாசா மாசம் வந்தது இதற்குத்தானா என்றேன். ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த வயிறு பழி சுமந்திருக்குமா, நான் இன்னொன்று பெற்றிருக்க மாட்டேனா என்றேன். அப்பா தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"ஒன் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு எத்தன வாசல்ல நின்னேன்னு ஒனக்குத் தெரியாது ஆத்தா. ஒருவேள பொம்பளப் பிள்ளையா இருந்தா, அதுவும் அப்படி நிக்கணுமான்னுதான் கேட்டேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா கேட்டிருப்பனா?"

தெரியாதுதான். அது எனக்கும் புரிந்தது, புரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது. அவருக்குப் பருப்பின் தரம் தெரியும், வேறு என்ன தெரியும்? கேட்கக் கூடாததைக் கேட்டார். ஆனால் படித்தவளுக்குத் தெரியும். தலை தெரிந்த பிள்ளையைத் தடுத்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதி வந்தவள்தானே! முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா எழுந்து நின்று கும்பிட்டிருப்பார். அவள் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தாள். குடித்து முடித்து வந்து பிறவி என்று என் தலையில் எழுதினாள். நான் அவளைச் சந்தேகப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. என்ன, பாதியைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தாத்தாவின் மேல் பாய்வாள், இல்லை போன மாப்பிள்ளையை நினைத்து அழுவாள் என்று நான் அவளைப் பிடிக்கப் போனேன். அவள் தாத்தாவைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, அப்ப ஒன் வயித்துல நான் நல்லாத்தான் இருந்தேனா?"

"நல்லாத்தான் இருந்த. ரெண்டு கையாலயும் முட்டுவ. ராத்திரி தூங்கவிட மாட்ட."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் அடித்தபோதும், யார் முகத்தைத் திருப்பியபோதும் அந்தக் கைக்காக ஒரு நாளும் அழாத பெண், அன்றைக்குத்தான் அழுதாள்.